"ஏதோ கவர்ன்மென்ட் வேலை பார்த்தாராம்": 1930களின் அமெரிக்க வேலைத் திட்டப் பதிவேடுகளில் குடும்பத்தைத் தேடுவோருக்கு

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் மருமகனோ மருமகளோ அந்த நாட்டவராக இருப்பது இன்று அபூர்வமில்லை. பேரப்பிள்ளைக்காக வம்சாவளி எழுத உட்கார்ந்தால், சம்பந்தி வீட்டுப் பக்கம் கதை பல நேரம் 1930களில் வந்து நின்றுவிடும். "அப்போ ரொம்பக் கஷ்டம், ஏதோ கவர்ன்மென்ட் வேலை பார்த்தார்" என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை.

அது என்ன கவர்ன்மென்ட் வேலை?

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933 வாக்கில் அமெரிக்காவில் உழைக்கும் வயதினரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த மார்ச்சில் பதவியேற்ற ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசு, வெறும் உதவிப் பணத்தோடு நிற்காமல் வேலை கொடுத்துக் கூலி தரும் திட்டங்களை வரிசையாகக் கொண்டுவந்தது.

குடும்ப வரலாறு தேடுபவருக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, சிவிலியன் கன்சர்வேஷன் கோர், சுருக்கமாக சி.சி.சி. 1933 முதல் 1942 வரை சுமார் 30 லட்சம் பேர், பெரும்பாலும் கல்யாணமாகாத இளைஞர்கள், முகாம்களில் தங்கி மரம் நட்டார்கள், காட்டுத் தீ அணைத்தார்கள், பூங்காக்களும் பாதைகளும் அமைத்தார்கள். இன்னொன்று, 1935 மே மாதம் தொடங்கிய வொர்க்ஸ் ப்ராக்ரஸ் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது டபிள்யூ.பி.ஏ. 1943இல் மூடப்படும்வரை சுமார் 85 லட்சம் பேர் இதில் வேலை பார்த்தார்கள். ரோடு, பாலம், பள்ளிக்கூடம் தொடங்கி நூலகம், நாடகம், ஓவியம் வரை எல்லாம் இதில் உண்டு. மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் என்.ஒய்.ஏ. என்ற நேஷனல் யூத் அட்மினிஸ்ட்ரேஷன் தனியாக இருந்தது.

கூலி வேலைக்குப் போனவர்களைப் பற்றி அப்படி என்ன எழுதி வைத்திருக்கப்போகிறார்கள்?

நிலம் வைத்திருந்தவருக்குப் பத்திரம் இருக்கும், சொத்து வைத்திருந்தவருக்கு உயில் இருக்கும், வழக்குக்குப் போனவருக்குக் கோர்ட்டுக் கட்டு இருக்கும். ஒன்றும் இல்லாதவரைப் பற்றி எழுதி வைக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. 1930களில் அது மாறியது. வேலை வேண்டுமென்றால், தன்னிடம் ஒன்றும் இல்லை என்று அவர் அதிகாரியின் முன் நிரூபிக்க வேண்டியிருந்தது. வீட்டில் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு வருகிறது, இதற்கு முன் எங்கே வேலை, ஏன் போனது என்று கேட்டார்கள். கேட்டதை எழுதினார்கள்.

ஆகவே ஓர் ஏழைக் குடும்பத்தைப் பற்றிய மிக நெருக்கமான விவரம், அது மிக மோசமாக இருந்த ஆண்டுகளில்தான் காகிதத்தில் ஏறியிருக்கிறது. அந்தக் காகிதங்களை மரியாதையோடு அணுக வேண்டும் என்பது என் எண்ணம். ஒருவர் தன் பிள்ளைகளுக்குச் சோறு போட என்னவெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது என்பதும் அவற்றில் இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து. பலர் எடுத்த எடுப்பிலேயே பணியாளர் கோப்பு கேட்டு எழுதிவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, "கிடைக்கவில்லை" என்ற பதிலை வாங்குகிறார்கள். கணக்கெடுப்புத் தாள் அப்படியில்லை. 72 ஆண்டு ரகசியக் காலம் முடிந்து 2012 ஏப்ரல் 2 அன்று திறக்கப்பட்டது. ஃபேமிலிசர்ச் தளத்திலும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆளைக் கண்டுபிடித்ததும் அந்த வரியிலேயே விரலை வைத்து வலப்பக்கம் நகர்த்துங்கள். 17 முதல் 20 வரையுள்ள கட்டங்கள் 1935 ஏப்ரல் 1 அன்று அவர் எந்த ஊரில் இருந்தார் என்று சொல்லும். வேலை தேடி ஊர் மாறிய குடும்பத்துக்கு இது பெரிய உதவி. 21ஆம் கட்டம், மார்ச் 24 முதல் 30 வரையிலான வாரத்தில் அவர் தனியார் வேலையிலோ வழக்கமான அரசு வேலையிலோ இருந்தாரா என்று கேட்கிறது. அதில் 'இல்லை' என்றால் 22ஆம் கட்டத்துக்கு வாருங்கள். டபிள்யூ.பி.ஏ., என்.ஒய்.ஏ., சி.சி.சி. போன்ற அவசரகால அரசு வேலையில் இருந்தாரா என்ற கேள்வி அங்கேதான் இருக்கிறது. 'ஆம்' என்று பார்த்தால் தேடல் பாதி முடிந்த மாதிரி. 28, 29ஆம் கட்டங்களில் என்ன தொழில், எந்தத் துறை என்று இருக்கும். அதற்கும் அப்பால், 1939இல் எத்தனை வாரம் வேலை கிடைத்தது, எவ்வளவு கூலி வந்தது என்பதையும் படிக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். யாராவது ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். கணக்கெடுப்பாளரிடம் பதில் சொன்னவர் அவர்தான். பதில் சொன்னது கொள்ளுப்பாட்டியா, பதினைந்து வயது மகனா என்பதைப் பொறுத்து அந்த வரியில் உள்ள வயதையும் வருமானத்தையும் எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்யுங்கள்.

22ஆம் கட்டத்தில் 'இல்லை' என்று இருக்கிறதே?

அது ஒரே ஒரு வாரத்தின் கணக்கு. 1936இல் சேர்ந்து இரண்டு வருடம் வேலை பார்த்து விலகியவர் அதில் வரமாட்டார். வேறு இடங்களில் பாருங்கள். 1940 அக்டோபர் 16 அன்று 21 முதல் 35 வயது வரையான ஆண்கள் ராணுவப் பதிவுக்குக் கையெழுத்திட்டார்கள். அந்த அட்டையில் வேலை கொடுப்பவர் பெயர் என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ. என்றோ சி.சி.சி. என்றோ எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 1942 ஏப்ரலில் நடுவயதைத் தாண்டிய ஆண்களுக்கும் ஒரு பதிவு நடந்தது. 1877 ஏப்ரலுக்கும் 1897 பிப்ரவரிக்கும் இடையில் பிறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். வயது காரணமாக வேறு எவரும் வேலைக்கு எடுக்காத ஆட்கள் டபிள்யூ.பி.ஏ.வில் நிறைய இருந்ததால், அந்த அட்டைகளைத் தவறவிடக்கூடாது.

நகர முகவரிப் புத்தகங்கள், இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற வரி, உள்ளூர்ப் பத்திரிகை ஆகியவையும் உதவும். சி.சி.சி.க்குத் தேர்வான பையன்களின் பெயர்களைச் சிற்றூர்ப் பத்திரிகைகள் அச்சிட்டன.

சி.சி.சி. கோப்பில் என்ன இருக்கும்?

இந்தத் திட்டங்களின் ஆவணங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒரு பதினெட்டு வயதுப் பையனைக் கிட்டத்தில் பார்க்கிற மாதிரி இருக்கும். பிறந்த தேதி, ஊர், எத்தனாம் வகுப்பு வரை படித்தான், முன்பு என்ன வேலை பார்த்தான் என்பவை முதலில். பிறகு மருத்துவப் பரிசோதனை: உயரம், எடை, கண்ணின் நிறம், முடியின் நிறம். போட்டோவே இல்லாத குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? அதற்கடுத்து எந்த முகாமில் எப்போது இருந்தான், என்ன வேலை செய்தான், எப்படிச் செய்தான் என்ற மதிப்பீடு, எப்போது, ஏன் விலகினான் என்பது.

அதில் ஒரு வரியை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் பெரும்பாலும் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போனது. யாருக்குப் போனது என்று பெயரும் உறவும் முகவரியும் எழுதியிருக்கும். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அம்மா பெயரோ அக்கா பெயரோ இருந்தால் அங்கே நின்று யோசியுங்கள். அப்பா இறந்துவிட்டாரா, வீட்டை விட்டுப் போய்விட்டாரா, அக்காதான் வளர்த்தாளா? அம்மா மறுமணம் செய்துகொண்டது அவளுடைய மாறிய குடும்பப் பெயரிலிருந்தே தெரியவந்த கோப்புகள் உண்டு.

வயதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். தொடக்கத்தில் 18 முதல் 25 வரை எடுத்தார்கள். 1935இல் மேல்வரம்பு 28 ஆனது, 1937இல் அதுவே 17 முதல் 23 என்று மாறியது. வரம்புக்குள் வரவேண்டும் என்று வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் இருந்தார்கள். பிறப்புச் சான்றோடு ஒத்துப்பாருங்கள். ஆள் நாற்பதைத் தாண்டியவர் என்றாலும் திகைக்க வேண்டாம். முதல் உலகப் போர் வீரர்களுக்குத் தனி முகாம்கள் இருந்தன, அங்கே வயது வரம்பு கிடையாது.

முகாம் எண்ணும் கம்பெனி எண்ணும் வேறு வேறா?

வேறு வேறு. இதைப் புரிந்துகொண்டால் ஒரு பழைய போட்டோவின் பின்புறக் குறிப்பே போதும். முகாமின் எண், இடத்தைக் குறிக்கும். அதன் முன்னால் வரும் எழுத்து வேலையின் வகை: எஃப் என்றால் தேசியக் காடு, என்.பி. என்றால் தேசியப் பூங்கா, எஸ்.பி. என்றால் மாநிலப் பூங்கா, எஸ்.சி.எஸ். என்றால் மண் பாதுகாப்பு.

கம்பெனி என்பது ஏறக்குறைய 200 பேர் கொண்ட குழு. முகாம்களை நடத்தியது ராணுவம், அது நாட்டை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தது. கம்பெனி எண்ணின் நூறாம் இடத்து எண் பொதுவாக அந்தப் பகுதியைச் சொல்லும். 1200களிலோ 200களிலோ ஓர் எண் இருந்தால் அது நியூயார்க், நியூ ஜெர்சி, டெலவேர் அடங்கிய இரண்டாம் பகுதியில் அமைக்கப்பட்ட கம்பெனி. போட்டோ எடுத்தது மேற்கே மலைக்காட்டில் என்றாலும், பையன் கிழக்கிலிருந்து ரயிலேறி வந்தவனாக இருக்கலாம். கிழக்கத்திய நகரத்துப் பையன்களை அப்படித்தான் மேற்கே அனுப்பினார்கள். ஊர் தெரியாமல் தவிப்பவர்களுக்கு இது ஒரு நல்ல பிடி.

கறுப்பின இளைஞர்கள் 2 லட்சத்துக்கும் மேல் சி.சி.சி.யில் சேர்ந்தார்கள். அவர்களைப் பெரும்பாலும் தனிக் கம்பெனிகளில் ஒதுக்கி வைத்தார்கள், கம்பெனி எண்ணோடு 'சி' என்ற எழுத்தும் சேர்க்கப்பட்டது. அந்த எழுத்து முகாமின் பெயரோ ஊரின் பெயரோ இல்லை, இனப் பிரிவினையின் அடையாளம்.

டபிள்யூ.பி.ஏ. கோப்பும் இதே மாதிரியா?

இல்லை, மெலிந்தது. பெரும்பாலும் மைக்ரோஃபிலிமில் உள்ள சில அட்டைகளும் வேலை ஒதுக்கிய, நிறுத்திய அறிவிப்புகளும்தான். பெயர், முகவரி, பிறந்த தேதி, எந்த வேலை, என்ன கூலி, எப்போது நிறுத்தினார்கள் என்று இருக்கும். கூலி இடத்துக்கும் திறமைக்கும் ஏற்ப மாறியது. தொடக்கத்தில் மாதம் 19 டாலரிலிருந்து 94 டாலர் வரை. 19 டாலர் என்பது தெற்கத்திய கிராமப்புறத்துக் கூலியாளுக்கு.

1939க்குப் பிறகு வேலையை நிறுத்தியதாகக் குறிப்பு இருந்தால் ஏதோ தப்புச் செய்தார் என்று எண்ணிவிடாதீர்கள். தொடர்ந்து 18 மாதம் வேலையில் இருந்தவர்களை நிறுத்த வேண்டும் என்று அந்த ஆண்டு சட்டம் வந்தது. பல்லாயிரம் பேர் அப்படி வெளியேறி, மறுபடியும் வரிசையில் நின்று திரும்பச் சேர்ந்தார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று முறை சேர்ந்த தேதி வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கொள்ளுப்பாட்டி பெயர் இருக்கிறது, கொள்ளுத்தாத்தா பெயர் இல்லை. ஏன்?

நல்ல கேள்வி. பொதுவாக ஒரு வீட்டுக்கு ஒருவருக்குத்தான் டபிள்யூ.பி.ஏ. வேலை, அதுவும் குடும்பத் தலைவருக்கு. கல்யாணமான பெண்ணின் பெயர் இருந்தால் கணவர் இறந்திருக்கலாம், பிரிந்து போயிருக்கலாம், அல்லது உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கலாம். எது என்று கோப்பு சொல்லாது. ஆனால் எந்தத் திசையில் தேடுவது என்று காட்டிவிடும்: அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) இறப்புப் பதிவு, விவாகரத்து வழக்கு, காசநோய் மருத்துவமனைப் பதிவேடு.

பெண்களில் மிகப் பலருக்குக் கிடைத்தது தையல்கூட வேலை. அங்கே தைத்த துணிகள் நிவாரணம் பெறும் குடும்பங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போயின. கென்டக்கி மலைப்பகுதியில் குதிரைமேல் புத்தகம் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போன நூலகப் பெண்களும் இந்தத் திட்டத்தில் கூலி வாங்கியவர்களே.

கோப்பை யார் கேட்கலாம்? எப்படிக் கேட்பது?

யார் வேண்டுமானாலும். 1952க்கு முன் வேலையை விட்ட மத்திய அரசுச் சிவில் பணியாளர்களின் கோப்புகள் இப்போது பொது ஆவணங்கள். மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். சி.சி.சி.க்கு ஒரு படிவம், டபிள்யூ.பி.ஏ.வுக்கு வேறொரு படிவம். நகலுக்குக் கட்டணம் உண்டு.

படிவத்தில் அன்றைய பெயரை எழுதுங்கள், பின்னாளில் மாற்றிக்கொண்ட பெயரை அல்ல. பிறந்த தேதி, பெற்றோர் பெயர், அன்று வாழ்ந்த ஊரும் மாநிலமும், தோராயமான ஆண்டுகள் ஆகியவையும் வேண்டும். 1940 கணக்கெடுப்பை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். அதைப் பார்த்த பிறகு படிவத்தில் பாதி தானாக நிரம்பிவிடும்.

"செயின்ட் லூயிஸில் எல்லாம் எரிந்துபோயிற்றாமே" என்று பலர் கேட்கிறார்கள். 1973 ஜூலையில் நடந்த அந்தத் தீயில் போனவை ராணுவத்தினரின் கோப்புகள். சிவில் பணியாளர் கோப்புகள் வேறு கட்டடத்தில் இருந்தன. சி.சி.சி.யிலிருந்து நேரே போருக்குப் போன எத்தனையோ இளைஞர்களின் ராணுவக் கோப்பு சாம்பலாகிவிட்டது, முகாம் கோப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஹூவர் அணை கட்டியவர் பெயர் இதில் வருமா?

வராது. அது தனியார் ஒப்பந்த நிறுவனங்களின் கூட்டமைப்பு கட்டியது. பி.டபிள்யூ.ஏ. என்ற பப்ளிக் வொர்க்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் பணம் கொடுத்த கட்டுமானங்களும் ஒப்பந்தக்காரர்கள் வழியாக நடந்தவை. அங்கே வேலை செய்தவர் அந்த நிறுவனத்தின் ஆள். பெயர்கள் ஒரே மாதிரி ஒலிப்பதால் டபிள்யூ.பி.ஏ.வையும் பி.டபிள்யூ.ஏ.வையும் குடும்பக் கதைகளில் மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் யாரும் இந்த வேலைக்குப் போகவில்லை. எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

உங்களுக்குத்தான் அதிகம் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்கள் மட்டும் டபிள்யூ.பி.ஏ.வில் இல்லை. வேலையிழந்த குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், தட்டச்சர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களைக் கவுண்டி அலுவலகங்களின் நிலவறைகளுக்கும் தேவாலயங்களுக்கும் கல்லறைத் தோட்டங்களுக்கும் அனுப்பி, அங்கே என்னென்ன பதிவேடுகள் இருக்கின்றன என்று எழுதவைத்தார்கள். வரலாற்று ஆவணக் கணக்கெடுப்பு என்ற அந்தப் பிரிவு 1935 இறுதியில் தொடங்கியது. அயோவா உள்ளிட்ட மாநிலங்களில் கல்லறைக் கற்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பட்டியலிட்டார்கள். அதற்குப் பிறகு மழையிலும் வெயிலிலும் எழுத்து அழிந்துபோன கற்களுக்கு இன்று அந்தப் பட்டியல்தான் சாட்சி. அச்சேறாத கையெழுத்துப் பிரதிகள் அந்தந்த மாநில நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் கிடக்கின்றன. ஆன்லைனில் வரவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், நூலகருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.

பழைய கணக்கெடுப்புகளுக்கான சவுண்டெக்ஸ் என்ற பெயர் அட்டவணையும் இவர்கள் உழைப்பே. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் முதியோர் ஓய்வூதியத்துக்கு வயதை நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறையில் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் ஏராளம். பழைய கணக்கெடுப்பில் பெயரைத் தேடி எடுப்பதே வழி. 1880 அட்டவணையில் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் இருந்த வீடுகள் மட்டும் சேர்க்கப்பட்டதற்குக் காரணமும் இதுதான்: 1880இல் பத்து வயதான பிள்ளைக்கு 1935இல் 65.

பெயரை எழுத்துப்படி அடுக்காமல் ஒலிப்படி அடுக்கினார்கள். முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே எண் கொடுத்து மூன்று இலக்கம் ஆக்கினார்கள். ஸ்மித் என்றாலும் ஷ்மிட் என்றாலும் எஸ்-530. ஜெர்மனியிலிருந்து வந்தவரின் பெயரைக் கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தாலும் ஒரே இடத்தில் அகப்பட்டுவிடுவார். 1900, 1920 கணக்கெடுப்புகளுக்கும் இப்படி அட்டைகள் எழுதினார்கள். நியூ இங்கிலாந்திலும் நியூயார்க் நகரத்திலும் குடியுரிமைப் பதிவுகளைப் படமெடுத்து அட்டவணை போட்டதும் இந்தத் தொழிலாளர்களே. இன்று கணினியில் பெயர் அடித்துத் தேடுபவர்களுக்கு அவர்கள் யாரென்றே தெரியாது.

கறுப்பின அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு, மிக அரியது. அடிமைத்தனத்தில் வைக்கப்பட்டிருந்த மக்களைப் பெரும்பாலும் 1870 கணக்கெடுப்பில்தான் முதன்முதலாகப் பெயர் சொல்லி எழுதினார்கள். அதற்கு முந்தைய 1850, 1860 பட்டியல்களில் உரிமையாளர் பெயரின் கீழ் வயதும் பாலினமும் நிறமும் மட்டும்தான். அந்தச் சுவரைத் தாண்டுவது எவருக்கும் கடினம்.

டபிள்யூ.பி.ஏ.வின் எழுத்தாளர் திட்டம், 1936 முதல் 1938 வரை, அடிமை வாழ்விலிருந்து விடுபட்டு உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்தது. 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களும் 500 படங்களும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உரிமையாளர் பெயர், கவுண்டி, அம்மாவை எங்கே விற்றார்கள், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அவர்கள் வாயாலேயே வருகிறது. உங்கள் முன்னோர் பேட்டி கொடுத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதே தோட்டத்தில் இருந்த ஒருவர் பேசியிருந்தாலும் உரிமையாளர் பெயர் தெரிந்துவிடும். அதைக்கொண்டு அவருடைய உயிலையும் சொத்துப் பட்டியலையும் தேடலாம்.

படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், காலம் தெற்கில் இனவெறிச் சட்டங்கள் ஆண்ட காலம். எதிரே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர் அரசாங்க ஆள், உதவிப் பணம் கிடைக்க வழி செய்வாரோ என்ற எதிர்பார்ப்பும் பலருக்கு இருந்தது. "எங்கள் எஜமான் நல்லவர்" என்ற வரியை அந்தச் சூழலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பேச்சை எழுதிய விதமும் எழுதியவர் காதுக்கு ஏற்ப மாறியது. பெயர்களையும் ஊர்களையும் குறித்துக்கொண்டு வேறு ஆவணத்தோடு சரிபாருங்கள்.

பூர்வகுடிகள்?

சி.சி.சி.யில் அவர்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. கல்யாணமானவர்களும் வயதானவர்களும் சேரலாம், பலர் வீட்டிலிருந்தே வேலைக்குப் போனார்கள். பூர்வகுடி விவகாரத் துறையின் ஆவணங்கள் உள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளைகளில் தேட வேண்டும்.

அன்று அங்கிருந்த இந்தியர்கள் இதில் வருவார்களா?

எதிர்பார்க்காதீர்கள். இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று 1923இல் தின்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கதவு 1946இல்தான் திறந்தது. சி.சி.சி. குடிமக்களுக்கு மட்டும், டபிள்யூ.பி.ஏ.வும் 1939 முதல் குடியுரிமை கேட்டது. அமெரிக்காவில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகள் குடிமக்கள் என்பதால் அவர்கள் பெயரைத் தேடிப்பார்க்கலாம்.

டென்னசியில் இருந்த குடும்பம். ஊரே தண்ணீருக்குள் போய்விட்டது. கல்லறையும் இல்லை என்கிறார்கள்.

டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் ஆவணங்களைப் பாருங்கள். அது அணைகள் கட்டிய அரசு அமைப்பு, வேலைத் திட்டம் இல்லை, ஆனால் அதே 1933இல் பிறந்தது. நாரிஸ் அணைக்காக மட்டும் ஏறக்குறைய 3,000 குடும்பங்களை இடம் பெயர்த்தார்கள். வீடு வீடாகப் போய்க் குடும்ப விவரம் கேட்டு எழுதிய தாள்கள் அட்லாண்டாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கல்லறைகளையும் சும்மா விட்டுவிடவில்லை. யாருடையது, நெருங்கிய உறவினர் யார், எங்கே மாற்றினார்கள் என்று தனித்தனியாகப் பதிந்தார்கள். பெயரில்லாத கல்லின் கீழ் இருப்பவர் யார் என்று உறவினர் சொன்ன பதிலும் அதில் இருக்கும்.

வீட்டில் முகாம் போட்டோ ஒன்று இருக்கிறது. நீளமாக, நூற்றைம்பது பேர் நிற்கிறார்கள். யார் என்று தெரியவில்லை.

அந்த நீளப் படங்களில் பெரும்பாலும் கீழே வெள்ளை எழுத்தில் கம்பெனி எண், முகாம், ஊர், தேதி இருக்கும். சட்டத்துக்குள் மறைந்திருக்கலாம், மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். எண் கிடைத்ததும் அந்த முகாமின் பத்திரிகையைத் தேடுங்கள். ஏராளமான முகாம்களில் பையன்களே ஸ்டென்சில் வெட்டிப் பத்திரிகை நடத்தினார்கள். குத்துச்சண்டையில் யார் ஜெயித்தான், சமையற்கட்டில் யார் புதிதாகச் சேர்ந்தான், யார் ஊருக்குப் போய்விட்டு வந்தான் என்று பெயர் பெயராக எழுதியிருப்பார்கள். சிகாகோவில் உள்ள ஆய்வு நூலகங்களின் மையத்தில் இவற்றின் பெரிய தொகுப்பு இருக்கிறது. படத்தை ஸ்கேன் செய்யும்போது பின்புறத்தையும் ஸ்கேன் செய்துவிடுங்கள், பென்சில் எழுத்து அங்கேதான் இருக்கும்.